பலாக்கட்டைத் துப்பாக்கி

டிசம்பர் 3

புது நோட்டு. பழையதைத் தயாளன் எடுத்துப் படித்துவிட்டார். "நல்லாத்தான் எழுதுற மது. ஆனா கட்டுன புருஷன் மேல இவ்வளவு புகாரா?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அந்த வாரம் முழுக்கப் பேச்சில் உப்பில்லை. ஆகவே இந்த நோட்டு என் பையன் முகிலின் ஸ்வெட்டர்களுக்கு அடியில் இருக்கும். அப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதுவதாக இல்லை.

இன்று பழம் எடுப்பு தொடங்கியது. முதல் கூடைக் காப்பிப் பழத்தைக் களத்தில் கொட்டும்போது வீட்டு ஆள் ஒருவர் துப்பாக்கியால் ஒரு தடவை சுட வேண்டும். எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்காரரிடம் மாமனாரின் அப்பா வாங்கிய துப்பாக்கி. டுவென்ட்டி டூ ரைபிள் என்பார்கள். தோட்டா என் சுண்டுவிரல் நுனி அளவுதான். சில்வர் ஓக் மரத்தில் ஒரு பால்பவுடர் டின் தொங்கும். அதில் பட்டால் அந்த வருஷம் விளைச்சலுக்கு விலை உண்டு என்று ஒரு பேச்சு.

மாமா தூக்கினார். கை நடுங்கியது. இறக்கினார். திரும்பத் தூக்கினார். தயாளன் ஆரஞ்சு மரத்தடியில் போனில் இருந்தார். அங்கேதான் டவர் கிடைக்கும். பழம் எடுக்கும் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் சுடாமலேயே கூடையைக் கொட்டினார்கள்.

"துப்பாக்கி கனத்துப்போச்சா, இல்ல அருணகிரி இளைச்சுப்போனானா?" என்று மாமா தன்னைத்தானே கேலி செய்துகொண்டார். சாயங்காலம் அதைத் துடைத்தபடி சொன்னார்: "இதைச் சின்னதாக்கணும். இந்தக் கட்டை இரும்பு மாதிரி கனக்குது. இலேசான மரத்துல புதுக்கட்டை போட்டு, வாட்டமா பண்ணணும். அடுத்த கைக்குப் போகணும்ல."

அப்போது அவர் பார்த்தது என் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த முகிலை.

ஜூனில் மலையை விட்டுக் கீழே இறங்குகிறோம். அதை நினைத்துக்கொண்டேன். முகிலுக்கு ஒன்றாம் வகுப்பு, திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். பையனுக்குப் படிக்கிற வயசு வந்ததும் இறங்கிவிடலாம் என்று தயாளன் பெண் பார்க்க வந்த அன்றே என் அப்பாவிடம் சொன்ன வாக்கு.

டிசம்பர் 9

தயாளன் வத்தலக்குண்டு போயிருந்தார். முகிலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். குளியலறை வீட்டுக்குப் பின்னால், தனியாக. கதவைத் திறந்தால் சமையலறைக்கும் எனக்கும் நடுவில் காட்டுமாடு. ஒற்றை. கறுப்பு. மூச்சு விடுவது கேட்கிறது. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை. ஈரப் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, அது நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கா?" என்றான். "இல்லடா, வழி தவறிடுச்சு." "நம்மளும் வழி தவறிட்டமா?"

மாமா தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வந்து விரட்டினார். அது அவசரமே இல்லாமல் போனது.

தயாளனிடம் சொன்னேன். "ரொம்பப் பயந்துட்டியா?" என்றார். பின்னே? "ம்" என்றவர், சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியை ஒரு நிமிஷம் பார்த்தார். சாப்பிடப் போய்விட்டார்.

டிசம்பர் 16

புயலில் விழுந்த பலாமரத்தின் பலகை பரணில் காய்ந்து கிடந்தது. இறக்கிவிட்டார்கள். துப்பாக்கியின் பழைய மரக்கட்டையைக் கழற்றிப் பரணில் வைத்தாயிற்று. மாமா கோடு போடுகிறார், தயாளன் அறுக்கிறார், இழைக்கிறார். அவருக்குக் கைவேலை நன்றாக வரும். அப்பாவும் மகனும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "குழல்ல மட்டும் கை வைக்கப்படாதுடா. ஒரு விரக்கடை வெட்டுனாலும் போலீஸ்காரன் உள்ள தூக்கிப் போட்டுருவான். மரத்துல என்ன கூத்து வேணாலும் பண்ணிக்க" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் மரத்தூள் வாசல் முழுக்க. முகிலின் தலையிலும். இனிப்பாக ஒரு வாசம். வாசத்தைக் குறை சொல்ல முடியாது.

"மதும்மா, இங்க வந்து முழங்கையை மடக்கி நில்லு" என்றார் மாமா. களத்தில் பழத்தைக் கிளறும் பலகைக்கு என் கைக்கு வாட்டமாகக் காம்பு போடப் போகிறாராம். டேப்பின் ஒரு முனையை முகில் என் முழங்கை மடிப்பில் பிடித்தான். மறுமுனை விரலுக்கு. உடனே "எனக்கும் அள, எனக்கும் அள" என்று குதித்தான். அவனையும் அளந்தார். அளந்ததும் பென்சிலை எடுத்துப் பலாக்கட்டையில் கோடு போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னை அளந்தது கண்துடைப்பு. ஐந்து வயசுப் பிள்ளைக்குத் துப்பாக்கி செய்கிறார்கள்.

ஜனவரி 2

களப்பலகைக்குக் காம்பு இன்னும் வரவில்லை.

ஜனவரி 7

தயாளன் கன்னடப் படமாகப் பார்க்கிறார். "திடீர்னு என்ன கன்னடம்?" "காப்பிக்காரனுக்கு நாலு பாஷை தெரியணும்டி." பல் விளக்கும்போதுகூட 'ஊட்டா ஆய்தா', சாப்பாடு ஆச்சா, என்கிறார். முகிலும் சொல்கிறான். சிரிப்பாக இருந்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வத்தலக்குண்டிலிருந்து பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். சக்கரம் வைத்தது. ஜூனில் இறங்கும்போது வேண்டும்தானே.

ஜனவரி 15

பொங்கல். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், கத்தரி, அவற்றோடு துப்பாக்கி. புதுக்கட்டை தேன் நிறத்தில் மின்னியது. ஆளிவிதை எண்ணெயை மாமா தன் உள்ளங்கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறார். குட்டியாக, கச்சிதமாக, ஒரு விளையாட்டுச் சாமான் போல. அதுதான் பயமே.

கும்பிட்டு முடித்ததும் மாமா அதை முகில் கையில் கொடுத்துவிட்டார். "பேராண்டி, பிடி பாப்போம்." அவன் தள்ளாடினான். குழல் என் பக்கம் திரும்பியது. காலி என்று தெரியும். போல்ட்டைக் கழற்றித் தட்டில் தனியாகத்தான் வைத்திருந்தார் மாமா. அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய். தெரிந்து என்ன பிரயோஜனம், என் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது.

"ஏன் மது, எங்கப்பா உன் பிள்ளையைக் கொல்லப் போறாரா?" என்றார் தயாளன், கூடத்தில், எல்லார் முன்னாலும்.

"அவனுக்கு எதுக்கு இது?"

"எவன் அவனுக்குன்னு சொன்னான்?"

"பின்ன யாருக்கு?"

தயாளன் போனை எடுத்துக்கொண்டு ஆரஞ்சு மரத்துக்குப் போனார். மாமா என் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பொங்கலை ஊட்டிவிடச் சொல்லி முகிலை என் பக்கம் தள்ளினார்.

ஜனவரி 19

மூட்டைகளுக்கு வாய் தைத்தேன். விற்பனைக்குப் போவது வெள்ளை நூல். வீட்டுக்கு வைக்கும் ஒரு மூட்டை மட்டும் சிவப்பு நூல். அதை நானே நிரப்பி நானே தைத்தேன். களத்தில் வேலை செய்யும் பொன்னுத்தாயி, "ஏந்தாயி, நாங்க தச்சா ஆகாதா?" என்றாள்.

துப்பாக்கியின் போல்ட்டைக் காணோமாம். எலி இழுத்துப் போயிருக்கும் என்றேன். மாமா சிரிக்கவில்லை.

முகிலுக்கு இருமல். ஆடாதொடைக் கஷாயம். துப்பிவிட்டான்.

ஜனவரி 23

மாமா சாப்பிடவில்லை. பீரோவில் இருந்ததை மூன்றாம் தடவையாக எடுத்துக் கொட்டினார். வயசாகிவிட்டதால் லைசென்ஸைப் பேர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். வந்து துப்பாக்கியைக் காட்டச் சொன்னால்? "பாகம் ஒண்ணு வெளிய போயிருக்குன்னா எம் மேலதான் கேசு. நாப்பது வருஷத்துல ஒரு தோட்டா கணக்குத் தப்புனதில்ல ஆத்தா." அவர் கை நடுக்கம் தோள் வரைக்கும் ஏறியிருந்தது.

"கிடைச்சிரும் மாமா. நான் தேடுறேன்" என்றேன். நாளைக்கே கிடைத்துவிடும் என்று ஏனோ தோன்றுகிறது.

ஜனவரி 24

சிவப்பு நூல் மூட்டையையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில். தயாளன்தான் ஏற்றச் சொன்னாராம். "வீட்டுக்குன்னு ஒரு மூட்டை எதுக்கு? இனிமே எத்தனை பேரு இருக்கப்போறாங்க குடிக்க?" என்றாராம்.

ஜனவரி 25

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். போல்ட்டை எடுத்தது நான். பழந்துணியில் சுற்றிச் சிவப்பு நூல் மூட்டைக்குள், கொட்டைக்கு நடுவில் வைத்தது நான். என் பிள்ளையின் கையில் அந்தத் துப்பாக்கி உயிரோடு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பி.எஸ்ஸி கணிதம் படித்தவளின் புத்தி.

காலையில், பல்வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். "போயிட்டு வா. இருமலோட பிள்ளை எதுக்கு? இங்க இருக்கட்டும்" என்றார் தயாளன். முகிலை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கையாட்டினார். வளைவில் பஸ் திரும்பும்வரை நான் பார்த்தது அவரையல்ல, அவர் கை முகிலைச் சுற்றியிருந்த விதத்தை.

வத்தலக்குண்டு கமிஷன் மண்டியில் எங்கள் மூட்டைகள் அடுக்கின் மேலேயே இருந்தன. "விதைக்கு வச்சது, தெரியாம வந்திருச்சு" என்றேன். மண்டிக்காரர் "அதுக்காக ஓனரம்மாவே வரணுமா? போன் போட்டா அனுப்பிருப்பமே" என்று தராசை விட்டு எழுந்தே வந்துவிட்டார். ஒரு மூலையில் நூலைப் பிரித்துக் கையை விட்டேன். காப்பிக்கொட்டை முழங்கை வரை ஏறியது. துணி விரலில் பட்டபோது அழுகை வந்துவிட்டது. "விதையில பூச்சி இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். "அதுக்கு ஏம்மா அழுவுறீங்க?" என்றார்.

கைப்பையில் போல்ட். துப்பாக்கியின் பாகம் வெளியே போனால் கேசு என்று மாமா சொன்னது ஒவ்வொரு அடிக்கும் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டி நின்றது. கண்டக்டர் "திண்டுக்கல், திண்டுக்கல், ஏறு ஏறு" என்று என்னைப் பார்த்தே கத்துவது போல இருந்தது. ஒரு மணி நேரம். அம்மாவின் வாசலில் இறங்கிவிடலாம். ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு எதிர்ப்பக்கம் நின்ற மலை வண்டியில் ஏறினேன். பிள்ளையை மேலே வைத்துக்கொண்டு அவர் எத்தனை நிம்மதியாகக் கையாட்டினார்!

வீட்டில் மாமா கண்ணயர்ந்திருந்தார். பீரோ திறந்தபடி கிடந்தது. உள்ளே இருந்த துப்பாக்கியில் போல்ட்டைச் செருகினேன். அவர் மாட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். 'க்ளிக்' என்றது. சரியாகப் பொருந்திவிட்டதா என்று பார்க்கத் தூக்கினேன்.

தூக்கியதும் அது என் தோளில் வந்து உட்கார்ந்தது. கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. முழங்கை எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்கியது. விரல் எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது. என் ரவிக்கைகூட எனக்கு இப்படிப் பொருந்தியதில்லை.

"சரியா இருக்கா ஆத்தா?"

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். போல்ட்டைப் பார்த்தார். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

"கன்னம் படுற எடத்துல இன்னும் ஒரு நூல் கனத்துக்குச் சீவி எறக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம். உனக்கு எப்படி இருக்கு?"

"மாமா, இது முகிலுக்கில்லையா?"

"அந்தப் பொடிப்பயலுக்கா? அவனுக்கு எதுக்குத்தா துப்பாக்கி? மீசை முளைக்கட்டும் முதல்ல." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நீதான் தனியா இருக்கப் பயப்படுறே, பழகிக்கிட்டா தைரியம் வந்துரும்னு ஆசைப்படுறேன்னு தயா சொன்னான். முடியிற வரைக்கும் உங்கிட்டச் சொல்ல வேணாம்னும் சொன்னான். பேரும் உம் பேர்லதான் மாறுது. அவன் ஹாசன் போனதுக்கப்புறம் கையெழுத்துக்கு அவனைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?"

"ஹாசனா?"

மாமா தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். தட்டிக்கொண்டே இருந்தார். "சொல்லலையா அவன்?"

கன்னடப் படம். சக்கரப் பெட்டி. எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. எழுதத்தான் இல்லை.

ஜனவரி 26

தயாளனிடம் கேட்டேன். கர்நாடகத்தில், ஹாசனில், ஒரு காப்பி கம்பெனியில் மேனேஜர் வேலை. ஏப்ரலில் சேர வேண்டும். குடும்பத்துக்கு வீடு தரமாட்டார்கள்.

"ரெண்டே வருஷம் மது. அப்பாவைத் தனியா விட முடியுமா? முகிலுக்கு இங்க மேல இருக்குற ஸ்கூல் போதும், நானும் அங்கதான் படிச்சேன்."

"இதை எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"லைசென்ஸ் வந்ததும்."

விளைச்சல் காவலுக்குக் கொடுக்கிற லைசென்ஸ் இது. எஸ்டேட்டில் குடியிருக்கிற ஆளுக்குத்தான் கொடுப்பார்களாம். அதாவது நான் கையெழுத்துப் போட்டதும். அதாவது எனக்கு வேறு இடம் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததும்.

பிப்ரவரி 11

மாமா கன்னம் படும் இடத்தை ஒரு நூல் இறக்கிவிட்டார். சில்வர் ஓக்கில் டின்னைக் கட்டி, "பேர் மாறுற வரைக்கும் நான் பக்கத்துல இருந்தாத்தான் தொடணும். வா, ஒண்ணு போட்டுப் பாரு" என்றார். மறுக்க நினைத்துத்தான் போனேன்.

டின்னில் பட்டது. அவ்வளவுதான்.

(தோளில் ஒன்றும் வலிக்கவில்லை. இந்தத் துப்பாக்கிக்கு உதையே கிடையாது. ஆனாலும் இரவு தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது.)

பிப்ரவரி 27

எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. மாமா கட்டையில் ஒரு சின்ன காப்பி இலை செதுக்கியிருக்கிறார், நடுங்கும் கையால், தோளில் படாத பக்கத்தில். தயாளன் குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். உள்பக்கம்.

மார்ச் 10

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்தார். இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். "ஐயா, இதை வச்சுக் காட்டுமாட்டைச் சுட்டா, கொசு கடிச்சிருச்சுன்னு வாலால தட்டிவிட்டுப் போயிரும்" என்றார். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "சத்தத்துக்குத்தான் சார்."

பிறகு பேனாவைத் திறந்தார். "உங்க விருப்பத்தோடதான் பேர் மாத்துறாங்களாம்மா? இங்கேயே நிரந்தரமா குடியிருக்கீங்களா?"

"ஆமா சார்" என்றார் தயாளன்.

"அவங்களைக் கேட்டேன்."

முகில் ஜீப்பின் சக்கரத்தில் ஏறி நின்றான். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. கட்டையில் தான் செதுக்கிய இலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

"ஜூன் வரைக்கும் இருக்கேன் சார்" என்றேன். "அப்புறம் திண்டுக்கல். பையனுக்கு ஸ்கூல்."

"மது!" என்றார் தயாளன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீங்க சொன்னதுதான்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, "வீட்ல பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்கய்யா" என்று எழுந்தார். ஜீப் வளைவில் மறைந்தது.

"எங்கப்பனைக் காட்டுமாட்டுக்குக் குடுத்துட்டுப் போறியா?" தயாளனின் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை. அவருக்கும் இந்த மலையிலிருந்து போக வேண்டும். போகிறவர் யாரையாவது நிறுத்திவிட்டுத்தான் போக முடியும் என்று நினைத்தார்.

"டேய்" என்றார் மாமா, தலை தூக்காமல். "எனக்குக் காவலுக்கு ஆள் வேணும்னா சம்பளத்துக்கு வைப்பேன். நீ அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னியா, சொல்லலையா? அதைச் சொல்லு."

தயாளன் ஆரஞ்சு மரத்துக்குப் போனார். கையில் போன் இல்லை.

மார்ச் 11

மாமா சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார்.

ஏப்ரல் 4

தயாளன் ஹாசன் கிளம்பினார். முகிலை முத்தமிட்டார். என்னிடம் "பெட்டிச் சாவி?" என்றார். கொடுத்தேன். பஸ் ஏறப்போனவர் திரும்பி வந்து, "ஸ்கூல்ல அப்பா கையெழுத்து கேப்பாங்க. சொல்லு, வர்றேன்" என்றார்.

மே 27

மாமா காலையிலேயே பரணில் ஏறச் சொன்னார். பழைய கட்டையை இறக்கிக் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து, பலாக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றினார். ஸ்க்ரூவைத் திருப்ப நடுக்கம் விடவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவர் திருப்பினார். குழலைப் பழைய கட்டையில் பூட்டினார். மறுபடி அந்தக் கனத்த, நீளமான, யாருக்கும் பொருந்தாத துப்பாக்கி.

"நாளைக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுறேன். வாரிசு இல்லன்னு எழுதிக் குடுத்தாச் சரி."

"கோபமா மாமா?"

"இருந்துச்சு. ஒரு மாசம் நல்லா இருந்துச்சு." துணியால் பலாக்கட்டையைத் துடைத்தார். "வாரிசு இல்லன்னு எழுதுறது பொய்தான். இருக்கு. ஆனா அது கீழ போகுது."

கட்டையை என் மடியில் வைத்தார். குழல் இல்லை, போல்ட் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு மஞ்சள் மரம், ஒரு இலை.

"மரத்துக்கு லைசென்ஸ் கேக்கமாட்டான். கொண்டுபோ."

மே 28

பஸ். இரண்டு பை, ஒரு தகர டிரங்க், துண்டில் சுற்றிய கட்டை. மாமா வளைவில் நின்றார். கையாட்டவில்லை. களப்பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். அதற்கு அந்தக் காம்பை அவர் கடைசிவரை போடவே இல்லை. வேறு ஏதோ கம்பைச் செருகி வைத்திருந்தார்.

கண்டக்டர் என் மடியைப் பார்த்தார். "என்னக்கா அது, கிரிக்கெட் பேட்டா?"

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கம்மா கை" என்றான் முகில். "நான்தான் அளந்தேன்."